கட் ஆஃப் போடுறதுக்கு முன்னாடி அந்த சென்டிமீட்டர் எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க: செலக்டர்களுக்கும் கோச்சுகளுக்கும் ஒரு திறந்த மடல்

செலக்‌ஷன் கமிட்டில உக்காந்திருக்கிறவங்களுக்கும், கிரவுண்ட்ல நிக்கிற கோச்சுகளுக்கும், ஃபிட்னஸ் டெஸ்ட் ஷீட்டைக் கையில வச்சிக்கிட்டு டிக் போடுற ட்ரெய்னர்களுக்கும் வணக்கம்.

நான் ஜம்ப் டெஸ்ட் எடுக்கிற ஆளு. பசங்க வரிசைல நிப்பாங்க, ஒவ்வொருத்தரா வந்து குதிப்பாங்க, நான் நம்பரை எழுதிக் குடுப்பேன். அதுக்கப்புறம் அந்த நம்பருக்கு என்ன நடக்குதுங்கிறதுதான் என் பிரச்சனை. எங்கேயோ யாரோ போட்ட ஒரு பெஞ்ச்மார்க் டேபிளை எடுத்து பக்கத்துல வச்சு, இவன் எக்ஸலன்ட், அவன் ஆவரேஜ், இந்தப் பொண்ணு கட் ஆஃப்ல 1 செ.மீ குறைவு, வீட்டுக்குப் போகலாம்னு முடிச்சிடுறீங்க. பெஞ்ச்மார்க்கே வேணாம்னு சொல்ல நான் வரல. அது இல்லாம என்னாலயே வேலை பாக்க முடியாது, 38 செ.மீ-ன்னு ஒரு நம்பர் மட்டும் தனியா கிடந்தா அதுக்கு அர்த்தமே கிடையாது, யாரோட ஒப்பிட்டுப் பாக்கணும்னு ஒண்ணு வேணும்ல. ஆனா அந்த டேபிள்ல இருக்கிற சென்டிமீட்டரும் நான் எழுதிக் குடுத்த சென்டிமீட்டரும் ஒரே சென்டிமீட்டர்தானான்னு யாரும் கேக்கிறதே இல்ல. அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

முதல்ல அளக்கிற விதத்துக்கு வரேன், பாதி குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது.

வெர்டிகல் ஜம்ப் டெஸ்ட்னா நிறைய பேருக்கு மனசுல வர்றது சுவத்து ஓரமா நின்னு கையைத் தூக்கி ஒரு மார்க், குதிச்சு ஒரு மார்க், ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ தூரம்னு டேப் வச்சுப் பாக்கிறது. டட்லி சார்ஜென்ட்ங்கிறவரு 1921-ல இந்த மாதிரி டெஸ்ட்டை எழுதி வச்சதால இன்னிக்கும் சார்ஜென்ட் ஜம்ப்னு சொல்றோம். நூறு வருஷம் தாண்டியும் நிக்குதுன்னா அதுக்குக் காரணம் செலவே இல்லாம எங்க வேணாலும் எடுக்கலாங்கிறதுதான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. இதுக்கு அடுத்து வெர்டெக்னு ஒரு கம்பி, அதுல அடுக்கடுக்கா பிளாஸ்டிக் இறக்கை இருக்கும், குதிச்சு எது வரைக்கும் தட்டி விடுறாங்களோ அதுதான் கணக்கு. ஒரு இறக்கைக்கும் அடுத்ததுக்கும் அரை இஞ்ச், அதாவது 1.27 செ.மீ. அதை விடப் பொடிசா அதால அளக்கவே முடியாது, இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கோங்க, கட் ஆஃப் பத்திப் பேசும்போது வருவேன்.

இன்னொரு பக்கம் கால் படுறதை உணர்ற ஜம்ப் மேட், ஒளிக்கற்றைய வச்சு காலைப் பாக்கிற ஃபோட்டோசெல், மொபைல் ஆப் எல்லாம் இருக்கு. இதெல்லாம் உயரத்தை அளக்கிறதே இல்ல. கால் தரைய விட்டதுலேருந்து திரும்பத் தரைய தொடுற வரைக்கும் எவ்ளோ நேரம்னு பாத்து, அந்த நேரத்தோட வர்க்கத்தை 9.81-ஆல பெருக்கி 8-ஆல வகுத்து உயரம்னு சொல்லிடுது. அரை செகண்ட் காத்துல இருந்தா 30.7 செ.மீ. மூணாவதா ஃபோர்ஸ் பிளேட், அது தரைய எவ்ளோ விசையில தள்ளினாங்கங்கிறதுலேருந்து கிளம்புற வேகத்தைக் கண்டுபிடிச்சு, அந்த வேகத்துலேருந்து உயரத்தைக் கணக்குப் போடுது. செகண்டுக்கு 2.5 மீட்டர் வேகத்துல கிளம்பினா கிட்டத்தட்ட 32 செ.மீ.

இப்ப ஒரே ஆளு ஒரே குதி குதிக்கிறான்னு வைங்க. சுவத்துல அளந்தா ஒரு நம்பர், மேட்ல அளந்தா வேற நம்பர். ஏன்னா சுவத்துல நிக்கும்போது குதிகால் தரையில பதிஞ்சிருக்கு, ஆனா காத்துல கிளம்புற நொடியில அவன் ஏற்கனவே கால் விரல் நுனியில நிக்கிறான், உடம்பு அந்த அளவுக்கு மேல போயிடுச்சு. சுவத்து டெஸ்ட் அந்த உயரத்தையும் சேத்துக்குது, மேட்டும் பிளேட்டும் அதைச் சேக்கிறதில்ல, தரைய விட்டதுக்கு அப்புறம் உள்ளதை மட்டும்தான் எடுத்துக்குது. இதுலயே சுமாரா 10 செ.மீ வித்தியாசம் வந்துடும், பாதம் பெருசா இருந்தா இன்னும் கூட. இது போக கை. சுவத்து டெஸ்ட்ல கையை வீசித்தான் குதிப்பாங்க, லேப்ல நிறைய இடத்துல ரெண்டு கையையும் இடுப்புல வச்சிக்கிட்டு குதிக்கச் சொல்லுவாங்க. கை வீச்சு மட்டுமே 10 சதவீதத்துக்குக் கிட்ட கூட்டிக் குடுக்கும், கையை நல்லா யூஸ் பண்ணத் தெரிஞ்ச வாலிபால் பசங்களுக்கு அதுக்கு மேலயும் போகும். ரெண்டையும் கூட்டிப் பாருங்க. சுவத்துல 55 வாங்கின பையன் மேட்ல இடுப்புல கை வச்சிக் குதிச்சு 40-க்கு வந்து நிக்கிறது சர்வ சாதாரணம், அவன் பலவீனமாகிடல, சோம்பேறியும் ஆகிடல. ஆனா நெட்ல சுத்துற ஒரு சார்ட் இருக்கு பாருங்க, ஆண்கள் 70-க்கு மேல எக்ஸலன்ட், 41-லேருந்து 50 வரைக்கும் ஆவரேஜ்னு, அது கையை வீசி எட்டித் தொடுற டெஸ்ட்டுக்கான சார்ட். அதை மேட் ரிசல்ட் பக்கத்துல ஒட்டி வச்சா டீம்ல பாதிப் பேரு ஆவரேஜுக்குக் கீழதான் வருவான். பையோட சேத்து எடை போட்டவனையும் பையைக் கீழ வச்சிட்டு எடை போட்டவனையும் ஒரே லிஸ்ட்ல எழுதி யாரு குண்டுன்னு பாக்கிற மாதிரிதான் இது.

அந்த சார்ட்டைப் பத்தி இன்னொண்ணு. 41-50, 51-60, 61-70னு பத்து பத்தா அழகா பிரிஞ்சிருக்கு பாத்தீங்களா. நிஜமா ஆளுங்களை அளந்து எடுத்த டேட்டா இப்படி ரவுண்டா வராது. ஆவரேஜ் 43.6-ன்னு வரும், நம்பரெல்லாம் ஆவரேஜ்லேருந்து எவ்ளோ சிதறியிருக்குன்னு சொல்ற ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 5.8-ன்னு வரும், பெண்களுக்கு ஒண்ணு, ஜூனியருக்கு ஒண்ணுன்னு கோணல்மாணலா வரும். ரொம்ப நேர்த்தியா இருக்கிற டேபிளைப் பாத்தா எனக்கு முதல்ல சந்தேகம்தான் வரும். யாரை அளந்தாங்க, எத்தன பேரு, என்ன வயசு, என்ன கேம், எந்த வருஷம், எந்த மெஷின், ஷூ போட்டா போடாமலா, இது எதுவும் எழுதலைன்னா அந்த டேபிளை வச்சு ஆளை எடுக்காதீங்க, சுவத்துல அழகுக்கு வேணா ஒட்டிக்கோங்க.

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லோட கம்பைன்ல, அதாவது டீமுக்குப் புது ஆளுங்களை எடுக்கிறதுக்கு முன்னாடி நடத்துற டெஸ்ட் முகாம்ல, 2005-ல ஜெரால்ட் சென்சபா 46 இஞ்ச் குதிச்சாரு, கிட்டத்தட்ட 117 செ.மீ. பசங்க இந்த நம்பரை எங்கேயாவது பாத்துட்டு வந்து என்கிட்ட, நான் ஏன் சார் 42-லயே நிக்கிறேன்னு கேப்பாங்க. அது நின்ன இடத்துலேருந்து கையை வீசி வெர்டெக்ல எட்டித் தட்டினது, எட்டுற உயரத்தைக் கழிச்சு வந்த நம்பர். அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்கான என்பிஏவோட கம்பைன்ல நின்னு குதிக்கிறது தனி, ஓடி வந்து குதிக்கிற மேக்ஸ் வெர்டிகல் தனின்னு ரெண்டு கட்டம் வச்சிருப்பாங்க. ரெண்டையும் ரெண்டு டெஸ்ட்டா அவங்க பிரிச்சு வைக்கிறாங்க, நாமதான் எல்லாத்தையும் வெர்டிகல்னு ஒரே பேரு போட்டு ஒரே குடத்துல ஊத்துறோம்.

இப்ப கிட்டக்க வந்து பாருங்க, அளக்கும்போது என்ன நடக்குதுன்னு.

சுவத்து டெஸ்ட்ல திருட்டுத்தனம் குதிக்கிறப்ப நடக்கிறதில்ல, அதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடும். நின்னுக்கிட்டு எட்டுற உயரத்தை எடுக்கும்போது பையன் தோளை இறக்கி வச்சிக்கிட்டு கையை மட்டும் தூக்குவான். பாக்க நேராத்தான் இருக்கும். ஆனா காது பக்கத்துல பாத்தா தெரியும், தோள் மேல ஏறல, விரல் கொஞ்சம் மடங்கியிருக்கு, இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. இதுலயே அஞ்சு செ.மீ வரைக்கும் சம்பாதிச்சிடலாம், குதிக்காமலே. அப்புறம் குதிக்கும்போது தோளை முழுசா நீட்டித் தொடுவான், வித்தியாசம் அப்படியே ஸ்கோர்ல ஏறிடும். சீனியர் பசங்க ஜூனியருக்கு சொல்லிக் குடுக்கிற முதல் டிப்ஸே இதுதான்னு நினைக்கிறேன். அதனால நான் சுவத்துப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லி, தோளைக் கையால தொட்டுப் பாத்து, இன்னும் மேல, இன்னும் மேலன்னு நீட்ட வச்சிட்டுத்தான் முதல் மார்க் போடுவேன். எல்லா இடத்துலயும் இப்படிப் பாக்கிறாங்களா? நாலு மணிக்குள்ள அறுபது பேரை முடிக்கணும்னு விரட்டினா யாரு பாப்பாங்க.

மேட்ல வேற வித்தை. காத்துல இருக்கிற நேரம்தானே கணக்கு, அதனால இறங்கும்போது முழங்காலை மடக்கிக்கிட்டு இறங்கினா கால் தரையத் தொடுறது லேட்டாகும், மெஷின் அதை உயரம்னு நம்பிடும். 0.50 செகண்ட் 0.54 ஆச்சுன்னா 30.7 செ.மீ 35.8 ஆயிடும். கண் சிமிட்டுற நேரம் கூட இல்ல, அஞ்சு செ.மீ வந்துடுச்சு. கிளம்பும்போது கால் எப்படி நீட்டியிருந்துச்சோ அதே மாதிரி, விரல் நுனி முதல்ல படுற மாதிரி இறங்கினாதான் அந்த ஃபார்முலா செல்லும். நான் கண்ணால பாத்து மடக்கி இறங்கினா அந்தத் தடவைய அடிச்சிடுவேன். மெஷின் தானா அடிக்காது, அது பாவம் நேரத்தை மட்டும்தான் பாக்குது.

மொபைல்ல வீடியோ எடுத்து கணக்குப் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. செகண்டுக்கு 240 ஃபிரேம் எடுக்கிற ஸ்லோ மோஷன்ல ஒரு ஃபிரேம் தப்பா எடுத்தா அரை செ.மீ போகும், பரவால்ல. சாதாரண 30 ஃபிரேம் வீடியோல ஒரு ஃபிரேம் தப்புன்னா 4 செ.மீ-க்கு மேல போயிடும். அதை வச்சு யாரையும் செலக்ட் பண்ணாதீங்க, தயவு செஞ்சு.

ஃபோர்ஸ் பிளேட் இருந்தா எல்லாம் சரியாயிடும்னு இல்ல. குதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு செகண்டாவது ஆடாம அசையாம நிக்கணும், அப்பதான் உடம்பு எடைய மெஷின் சரியா எடுக்கும், அந்த எடை கொஞ்சம் தப்பினாலும் வேகம் தப்பும், உயரம் தப்பும். பசங்களுக்கு நிக்கிறதுதான் கஷ்டம், குதிக்கிறது ஈஸி.

சரி, எல்லாரையும் ஒரே மாதிரி அளந்துட்டோம்னே வச்சுக்குவோம். அடுத்தது கட் ஆஃப்.

ஒரே ஆளு, ஒரே நாள், ஒரே மெஷின், ரெண்டு தடவ குதிச்சா ரெண்டு நம்பர் வரும். தூக்கம், வார்ம் அப், நேரம், மனசு எல்லாம் சேந்து ஆடும், காலையில குதிக்கிறத விட சாயங்காலம் கொஞ்சம் கூடக் குதிக்கிறது பொதுவா நடக்கிறதுதான். இந்த ஆட்டத்துக்கு டிபிகல் எரர்னு பேரு. உங்க செட்டப்புல அது 1.5 செ.மீ-ன்னு வைங்க, அது ஒண்ணும் மோசமான நம்பர் இல்ல. அப்படின்னா போன மாசம் குதிச்சதுக்கும் இந்த மாசம் குதிச்சதுக்கும் நடுவுல 4 செ.மீ-க்கு மேல வித்தியாசம் இருந்தாத்தான் 95 சதவீதம் நம்பிக்கையோட நிஜமாவே மாறியிருக்குன்னு சொல்ல முடியும், டிபிகல் எரரை 2.77-ஆல பெருக்கிப் பாருங்க வரும். நீங்க என்னன்னா 45 கட் ஆஃப்னு போட்டு 44 குதிச்ச பொண்ணை வெளிய அனுப்பிட்டு 45 குதிச்ச பொண்ணை உள்ள எடுக்கிறீங்க. அந்த ரெண்டு பேரும் ஒண்ணுதான். நாளைக்குக் குதிக்க வச்சா மாறி வந்தாலும் ஆச்சரியமில்ல. இதுல வெர்டெக் வச்சு அளந்திருந்தா அந்த 1 செ.மீ-ங்கிறது அந்தக் கருவியால பாக்கவே முடியாத அளவு, ஒரு இறக்கைக்கே 1.27, முன்னாடி சொன்னேன்ல.

ஒரு செலக்‌ஷன்ல இது என் கண் முன்னாடியே நடந்துச்சு. லைனுக்கு ஒரு செ.மீ கீழ வந்த பொண்ணுக்கு இன்னொரு சான்ஸ் குடுங்கன்னு கேட்டதுக்கு, ரூல்னா ரூல்தான்னு பதில். சரி, ரூல் யாரு போட்டான்னு பாத்தா அது வேற நாட்டு சீனியர் டீமோட டேபிள்லேருந்து எடுத்த ஆவரேஜ். ஆவரேஜ்! அதாவது அந்த சீனியர் டீம்லயே பாதிப் பேரு அந்த லைனுக்குக் கீழதான் இருந்திருப்பாங்க, அவங்க எல்லாம் டீம்ல இருக்காங்க, இந்தப் பொண்ணு மட்டும் ட்ரையல்ஸையே தாண்டல. அது மட்டுமில்ல, பெரிய டீமோட டேபிள்ங்கிறது ஏற்கனவே செலக்ட் ஆகி வருஷக்கணக்கா ட்ரெய்னிங் எடுத்தவங்களோட போட்டோ. அவங்க அந்த லெவலுக்கு வந்தப்புறம் எப்படி இருக்காங்கன்னுதான் அது சொல்லுது, அங்க போய்ச் சேர இப்பவே அவ்ளோ இருக்கணும்னு அது எங்கேயும் சொல்லல.

பெர்சன்டைல் பத்தியும் சொல்லிடுறேன், அதாவது குரூப்ல நூறுக்கு எத்தன பேரு நமக்குக் கீழ இருக்காங்கங்கிற கணக்கு. ஒரு பையன் 39 செ.மீ குதிக்கிறான். ஆவரேஜ் 45, டீவியேஷன் 6-ன்னு இருக்கிற குரூப்போட வச்சா அவன் ஒரு டீவியேஷன் கீழ, அதாவது 16-வது பெர்சன்டைல் பக்கம். ஆவரேஜ் 38, டீவியேஷன் 5-ன்னு இருக்கிற குரூப்போட வச்சா பாதிக்கு மேல, 58-வது பெர்சன்டைல். பையன் மாறல, அவன் கால் மாறல, எதிர்ல வச்ச ஆளுங்கதான் மாறியிருக்காங்க. அதனால பெர்சன்டைல் சொல்லும்போதெல்லாம் எந்த குரூப்லன்னு சேத்து சொல்லுங்க, இல்லன்னா அந்த வார்த்தைய வாயிலயே எடுக்காதீங்க. அதே மாதிரி உங்க டீம்ல 12 பேரு இருந்தா அதுல பெர்சன்டைல் போடுறதே விளையாட்டுதான், ஒருத்தன் லீவ் போட்டா மொத்தமும் மாறிடும்.

ஜூனியர் பசங்க விஷயத்துலதான் எனக்கு நிஜமா கோவம் வரும். அண்டர் 14-ன்னு ஒரே டேபிள் போட்டு எல்லாரையும் அதுல வைக்கிறாங்க. பெண் பிள்ளைங்க வேகமா வளர்றது சராசரியா 12 வயசு பக்கம், பையனுங்க 14 பக்கம், ஆனா இது ஒருத்தருக்கொருத்தர் ஒரு வருஷம் ரெண்டு வருஷம் முன்னப்பின்ன போகும். ஒரே கிளாஸ்ல படிக்கிற ரெண்டு 13 வயசுப் பசங்கள்ல ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருத்தன் இன்னும் சின்னப் பையனாவே இருப்பான். முதல் பையன் நல்லா குதிக்கிறான்னா அது திறமையா இல்ல வளர்ச்சி சீக்கிரம் வந்ததாலயான்னு டேபிளுக்குத் தெரியாது. ரெண்டாவது பையனை இப்ப வெளிய தள்ளிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு அவன் வளந்து வந்து நிக்கும்போது அவன் கேமையே விட்டிருப்பான். உயரத்தை மூணு மாசத்துக்கு ஒரு தடவ அளந்து எழுதி வைங்க, உக்காந்த உயரத்தையும் சேத்து. எவன் இப்ப வளர்ற வேகத்துல இருக்கான், எவனுக்கு இன்னும் ஆரம்பிக்கலன்னு ஓரளவுக்காவது புரியும். பெண் பிள்ளைங்களுக்கு வயசுக்கு வந்ததுக்கு அப்புறம் கொஞ்ச நாள் ஜம்ப் ஏறாம அப்படியே நிக்கிறதும் உண்டு, எடை கூடும், அதுக்கு ஏத்த மாதிரி பலம் ட்ரெய்னிங் பண்ணினாத்தான் ஜம்ப் ஏறும். அந்த நேரத்துல டேபிளைக் காட்டி நீ கீழ போயிட்டன்னு சொல்றது ஒரு வகையில கொடுமை. வெயிட் ட்ரெய்னிங் சொல்லிக் குடுக்கிறதுதான் அப்ப பண்ண வேண்டிய வேலை.

அடுத்து, குதிக்கிற உயரம் தெரிஞ்சா எல்லாம் தெரிஞ்ச மாதிரின்னு ஒரு நினைப்பு இருக்கு. என்ன கேள்விக்கு பதில் தேடுறோம்னே தெரியாம டெஸ்ட் எடுத்தா இப்படித்தான்.

வாலிபால் எடுத்துக்கோங்க. ஆண்கள் நெட் 2.43 மீட்டர், பெண்கள் நெட் 2.24 மீட்டர். ஒரு பையன் நின்னு எட்டுறது 2.45, குதிக்கிறது 60 செ.மீ, கை போறது 3.05 மீட்டர். இன்னொருத்தன் எட்டுறது 2.30, குதிக்கிறது 70, கை போறது 3.00. டேபிள்ல ரெண்டாவது ஆளு ஒரு கட்டம் மேல. நெட்டுக்கு மேல முதல் ஆளோட கை அஞ்சு செ.மீ மேல. பந்துக்கு பெர்சன்டைல் தெரியாது. அதனாலதான் வாலிபால்ல ஸ்பைக் ரீச், பிளாக் ரீச்னு தரையிலேருந்து மொத்த உயரத்தைத் தனியா எழுதுறாங்க. ஆனா ட்ரெய்னிங்ல கால் பலம் ஏறுதான்னு பாக்கணும்னா ஜம்ப் உயரம்தான் பாக்கணும், ரீச்சைப் பாத்து பிரயோஜனம் இல்ல, ஏன்னா கையோட நீளம் ட்ரெய்னிங்ல வளராது. ரெண்டுக்கும் ரெண்டு நம்பர், ரெண்டு பெஞ்ச்மார்க்.

எடை இன்னொரு விஷயம். 60 கிலோ ஆளு 45 செ.மீ குதிக்கிறான், 95 கிலோ ஆளு 38 குதிக்கிறான். சென்டிமீட்டர் டேபிள்ல முதல் ஆளுதான் கெட்டி. 1999-ல வந்த சேயர்ஸ் ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு, செ.மீ-ஐ 60.7-ஆல பெருக்கி, கிலோவை 45.3-ஆல பெருக்கி, ரெண்டையும் கூட்டி 2055-ஐக் கழிச்சா உச்ச பவர் எத்தன வாட்னு ஒரு அந்தாஜ் கிடைக்கும். முதல் ஆளுக்கு 3400 வாட் பக்கம், ரெண்டாவது ஆளுக்கு 4550 வாட் பக்கம். எதிராளிய முட்டித் தள்ளுற கேம்ல எனக்கு ரெண்டாவது ஆளு வேணும், தன் உடம்பை மட்டும் தூக்கிட்டுப் பறக்கிற கேம்ல முதல் ஆளு. அந்தாஜ்தான், மறுபடி சொல்றேன், நேரா அளந்ததில்ல, இதுக்கும் ஒரு கட் ஆஃப் போட்டுடாதீங்க.

ஒரே உயரத்தை ரெண்டு பேரு ரெண்டு விதமா எட்டுவாங்க, அதையும் கவனிங்க. பெட்டி மேலேருந்து இறங்கி உடனே குதிக்கிற டிராப் ஜம்ப்ல ரெண்டு பேரும் 35 செ.மீ, ஆனா ஒருத்தன் தரையில 0.20 செகண்ட் இருந்தான், இன்னொருத்தன் 0.30. உயரத்தை மீட்டர்ல எழுதி நேரத்தால வகுத்தா முதல் ஆளுக்கு 1.75, ரெண்டாவது ஆளுக்கு 1.17 கூட வரல. ஸ்பிரின்ட்டுக்கும் துள்ளிக் கிளம்புற கேமுக்கும் இந்த வித்தியாசம் பெருசு. நின்னு குதிக்கிற ஜம்ப்லயும் இதே கதைதான். சீசன் நடுவுல களைச்சுப் போன ஆளு பழைய உயரத்தை அப்படியே குதிச்சுக் காட்டிடுவான், எப்படின்னா இன்னும் ஆழமா உக்காந்து, இன்னும் மெதுவா நேரம் எடுத்துக் கிளம்புவான். ஷீட்ல 40-ன்னு இருக்கும், எல்லாம் ஓகேன்னு அனுப்பிடுவோம், மேட்ச்ல அவனுக்கு அவ்ளோ நேரம் யாரும் குடுக்க மாட்டாங்க. முழங்காலுக்குள்ள எலும்புகளைக் கட்டிப் பிடிக்கிற ஏசிஎல்ங்கிற நார் கிழிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சு திரும்பி வர்றவங்க விஷயத்துல இது ஆபத்தாவே போயிடும். ரெண்டு காலால குதிக்கும்போது நல்ல கால் பாரத்தை வாங்கிக்கும், மொத்த உயரம் பெஞ்ச்மார்க்கைத் தொட்டுடும், ஆபரேஷன் பண்ண கால் இன்னும் பாதி வேலைதான் செஞ்சிட்டிருக்கும். ரெண்டு காலுக்கும் தனித்தனி பிளேட் இருந்தா அதுல பாருங்க, இல்லன்னா ஒத்தைக் காலால குதிக்க வச்சாவது பாருங்க. உயரம் வந்துடுச்சுங்கிறதுக்காக கிளியரன்ஸ் குடுக்காதீங்க.

டெஸ்ட் நம்பர் ஆட்டத்தைக் கணிக்கிறதுக்கு ஒரு எல்லை இருக்குங்கிறதுக்கு எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு, வெர்டிகல் இல்ல, படுத்துக்கிட்டு எடைய மேல தள்ளுற பெஞ்ச் பிரஸ். 2007-ல டீம்கள் வரிசையா புது ஆளுங்களைத் தேர்ந்தெடுக்கிற என்பிஏ டிராஃப்ட்டுக்கு முன்னாடி நடந்த கம்பைன்ல கெவின் டுரான்ட்டால 185 பவுண்டை ஒரு தடவ கூடத் தூக்க முடியல. அந்த டிராஃப்ட்ல அவரை ரெண்டாவது ஆளா எடுத்தாங்க, 2014-ல எம்விபி, அதாவது லீக்கோட மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அங்கயும் கட் ஆஃப்னு ஒண்ணு போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. இதை வச்சு டெஸ்ட்டே தேவையில்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவங்களோடயும் எனக்கு ஒத்து வராது, ஒரு டுரான்ட்டைக் காட்டி ட்ரெய்னிங்குக்கு வேணுங்கிற தகவலையே தூக்கிப் போடக் கூடாது.

அப்ப என்னதான் பண்ணச் சொல்றன்னு கேப்பீங்க.

ஷீட்ல நம்பருக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க. எந்தக் கருவி, கை வீசியா இடுப்புலயா, நின்னா ஓடி வந்தா, எத்தன தடவ குதிச்சதுல சிறந்ததா சராசரியா. இவ்ளோதான், ஒரு வரி. சிறந்ததா சராசரியாங்கிறதைச் சும்மா விடாதீங்க, மூணு நாலு குதி குதிக்க வச்சு சராசரி எடுத்தா அந்த ஆட்டம் குறையும், களைப்பைக் கண்டுபிடிக்கிறதுக்கு சிறந்த குதிய விட சராசரிதான் நல்லா வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சிலயும் பாத்திருக்காங்க. ஒரு பெஞ்ச்மார்க் டேபிளை எடுக்கும்போது இதே விவரம் அந்த டேபிள்ல இருக்கான்னு பாருங்க, ரெண்டும் ஒத்துப் போனா மட்டும் பக்கத்துல வைங்க.

முடிஞ்சா சொந்த டேபிள் போடுங்க. உங்ககிட்ட வர்ற பசங்களை ஒரே மாதிரி ரெண்டு மூணு சீசன் அளந்தாலே வெளி டேபிள் எதையும் விட அது உங்களுக்கு உபயோகமா இருக்கும். அதுல ஒவ்வொரு பையனையும் அவனோட பழைய நம்பரோட முதல்ல ஒப்பிடுங்க, அப்புறமா குரூப்போட. குரூப்ல கீழ இருக்கிறவன் ஆறு மாசத்துல 5 செ.மீ ஏறியிருந்தா அவன்தான் எனக்கு சுவாரசியமான ஆளு. மேல இருக்கிறவன் ரெண்டு வருஷமா அசையலன்னா அவனோட ட்ரெய்னிங்கைப் பாக்கணும், அவன் டேபிள்ல எக்ஸலன்ட்ங்கிறதால யாரும் அவனைப் பாக்கவே மாட்டேங்கிறோம்.

கட் ஆஃப் வேணும்னு மேலிடத்துலேருந்து கட்டாயப்படுத்தினா, லைனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டிபிகல் எரர் அளவுக்கு ஒரு பட்டை போடுங்க. அதுக்குள்ள விழுறவங்களை இன்னொரு நாள் கூப்பிட்டு குதிக்க வைங்க, அப்பவும் அதுக்குள்ளயே விழுந்தா அவங்க ஆடுறதைப் பாத்து முடிவு எடுங்க, அதுக்குத்தானே கமிட்டில உங்களை உக்கார வச்சிருக்கு. கீழ வந்தவங்ககிட்ட ஃபெயில்னு சொல்லாம எந்த இடத்துல குறையுதுன்னு சொல்லுங்க. கீழ உக்காந்து, அப்படியே அசையாம இருந்து, அங்கேருந்து குதிக்கிற ஸ்குவாட் ஜம்ப்பையும், சும்மா இறங்கி ஏறிக் குதிக்கிறதையும் ரெண்டையும் எடுத்தா, பலம் குறைவா இல்ல அந்தத் துள்ளல் குறைவான்னு ஒரு துப்பாவது கிடைக்கும், அந்தப் புள்ளைக்கு வீட்டுக்குப் போய் பண்ண ஒரு வேலையாவது இருக்கும்.

பழைய ஷீட்டெல்லாம் அலமாரில அடுக்கி வச்சிருப்பீங்க, அதை என்ன பண்றதுன்னும் சொல்லிடுறேன். தூக்கிப் போட வேணாம். யாரு அளந்தாங்கன்னு தெரிஞ்சா அவங்களையே கேட்டு எப்படி அளந்தாங்கன்னு எழுதிக்கோங்க. தெரியலன்னா மேல பெருசா முறை தெரியாதுன்னு எழுதி வைங்க, அதைப் புது டேபிள்ல மட்டும் கலக்காதீங்க. அடுத்த ட்ரையல்ஸுக்கு ஃபார்ம் அடிக்கிறவர்கிட்ட அந்தக் கூடுதல் கட்டத்தை இப்பவே சொல்லிடுங்க, அடிச்சு வந்ததுக்கு அப்புறம் பேனாவுல கோடு போடுறது எனக்குத்தான் தலைவலி.

இப்படிக்கு,
மேட் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து முழங்கால் மடங்குதான்னு பாத்துக்கிட்டிருக்கிற ஒருத்தன்